கத்தும் பிணைச்சல், இறுகிய பூட்டு: கொழும்புக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை என்று கடலுக்குக் கிட்டிய ஒழுங்கைகளில் வாடகைக்கு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தண்ணீர்க் கட்டணமும் பக்கத்து வீட்டுச் சத்தமும்தான் கவலை. அதற்குப் பிறகுதான் வீட்டில் உள்ள இரும்பெல்லாம் பேசத் தொடங்கும். கேற் பூட்டில் திறப்பு சுற்றாது. யன்னல் கொளுக்கி கழன்று வராது. குளியலறைக் கதவு இரவு இரண்டு மணிக்கு வீட்டையே எழுப்பும். வன்னியிலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ வந்தவர்களுக்கு இது புதிது. அங்கே பத்து வருடம் கிடந்த பூட்டுக்கு இங்கே ஒரு பருவக்காற்றுப் போதும்.

காரணம் மழை என்று பலர் நினைக்கிறார்கள். மழையை விடப் பெரிய காரணம் உப்பு. கரையோர ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து இரும்பில் படிகின்றன. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறையில் மூடாமல் விட்ட உப்புப் போத்தல் கசிவதைப் போலத்தான். கொழும்பில் இரவில் அந்த அளவைத் தாண்டாத நாள் அபூர்வம். ஆகவே ஒரு துளி மழை இல்லாத மாதத்திலும் உங்கள் கேற் இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் நனைந்தபடிதான் நிற்கிறது. கறள் பிடிக்காமல் என்ன செய்யும்?

இதற்குப் பக்கத்து வீட்டார் சொல்லும் மருந்து, நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வரும் டபிள்யூடி-40. வாங்கி அடிப்பார்கள், சத்தம் நிற்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாலைந்து வாரத்தில் வீட்டுக்கார அம்மா மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, போன மாதம்தானே அடித்தீர்கள், திரும்பவும் கத்துகிறதே?" என்பார். டப்பாவில் பிழையில்லை. அதை எண்ணெய் என்று நினைத்ததுதான் பிழை. அது முதலில் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்தால், எங்கே அடிப்பது, அடித்த பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் பழைய கதை.

1953ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ரொக்கெட் கெமிக்கல் கம்பனி என்று ஒரு சின்ன நிறுவனம். மொத்தமே மூன்று பேர். விண்வெளித் தொழிற்சாலைகளுக்குக் கறள் தடுக்கும் திரவங்களும் கொழுப்பு நீக்கும் கரைப்பான்களும் செய்து விற்பது அவர்களின் திட்டம். உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஈரத்தைத் தள்ளி வெளியேற்றும் ஒரு திரவத்துக்காக முயன்றார்கள். முப்பத்தொன்பது கலவை சரிவரவில்லை, நாற்பதாவது சரிவந்தது. 'நீரை இடம்பெயர்த்தல்' என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகளும் அந்த நாற்பதும்தான் ஆய்வுக் குறிப்பேட்டிலிருந்து நேரே டப்பாவுக்கு வந்த பெயர். கண்டுபிடித்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் நோர்மன் லார்சன்.

முதல் பெரிய வாடிக்கையாளர் கொன்வெயார் என்ற விமான நிறுவனம். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலைக் கறளிலிருந்து காக்க அதை வாங்கினார்கள். அட்லஸின் உடல் ஒரு விசித்திரம். ஒரு மில்லிமீற்றரைத் தாண்டாத மெல்லிய துருப்பிடிக்கா உருக்குத் தகட்டால் செய்த தாங்கி அது. உள்ளே அழுத்தம் இல்லாவிட்டால் தன் பாரத்திலேயே மடிந்துவிடும். அவ்வளவு மெல்லிய தோலில் ஒரு சிறு அரிப்பும் ஆபத்து. இங்கே கவனியுங்கள்: ஏவுகணையின் தோலில் அசையும் பாகம் ஒன்றும் கிடையாது. உராய்வைக் குறைக்கும் வேலையே அங்கு இல்லை. ஈரத்தை விரட்டுவதும் மெல்லிய ஒரு படலத்தை விட்டுச் செல்வதும்தான் அந்தத் திரவத்துக்குக் கொடுத்த வேலை.

தொழிலாளர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவதைப் பார்த்த லார்சன், தெளிப்பு டப்பாவில் அடைத்தால் வீட்டாரும் வாங்குவார்களே என்று யோசித்தார். தெளிப்பு டப்பா அப்போது புதியதல்ல. எரிக் ரொத்தைம் என்ற நோர்வே பொறியியலாளர் 1920களிலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் நுளம்பு மருந்து அடிக்க அமெரிக்கப் படைகள் அந்த வகை டப்பாவை ஏராளமாகப் பயன்படுத்தின. 1958இல் சான் டியாகோ கடைகளுக்கு டபிள்யூடி-40 வந்தது. 1961இல் கார்லா சூறாவளி மெக்சிக்கோ வளைகுடாக் கரையை அடித்தபோது, வெள்ளத்தில் நனைந்த வாகனங்களையும் கருவிகளையும் மீட்க ஒரு லொறி நிறைய அனுப்பினார்கள். விற்பது இந்த ஒரு பொருள்தானே என்று 1969இல் கம்பனியின் பெயரையே அதற்கு மாற்றிவிட்டார்கள். கலவைக்கு இன்றுவரை காப்புரிமை கிடையாது. காப்புரிமை வாங்கினால் கலவையைப் பகிரங்கப்படுத்த வேண்டும். சில காலத்தில் உரிமையும் முடிந்துவிடும். இரகசியத்துக்குக் காலாவதி இல்லை.

இரகசியம் என்றாலும் பாதுகாப்புத் தரவுத் தாளில் மேலோட்டமான கூறுகள் இருக்கின்றன. சரிபாதியளவு எளிதில் ஆவியாகும் பெற்றோலியக் கரைப்பான். மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்ட அளவில் கனிம எண்ணெய். வெளியே தள்ளுவதற்குக் கொஞ்சம் கரியமில வாயு. கரைப்பான் தண்ணீரை விட எளிதாக உலோகத்தில் பரவி, ஈரத்தின் அடியில் புகுந்து அதைக் கிளப்பிவிடும். கறளின் நுண்துளைகளுக்குள்ளும் ஊறும். பிறகு அது ஆவியாகிப் போய்விட, எஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். கதவு சில வாரம் வாயை மூடியிருப்பது அந்தப் படலத்தின் தயவு. கம்பனிக்கும் இது தெரியும். மிதிவண்டிகளுக்காக 1894இல் வந்த திரீ-இன்-வன் என்ற மெல்லிய எண்ணெயை 1995இல் அவர்களே விலைக்கு வாங்கி, இரண்டையும் விற்கிறார்கள். இரண்டுக்கும் தேவை இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனிக் கடைக்குப் போகலாம்.

வாங்கும்போது

எந்தச் சந்தியிலும் உள்ள ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். பல கடை பார்த்து விலை கேட்டு வாங்க விருப்பமென்றால் பழைய சோனகத் தெருப் பக்கம் போங்கள். மோட்டார் வாகனத் தேவை என்றால் பஞ்சிகாவத்தை. பெரிய டப்பா மலிவாகத் தோன்றும்; வாடகை வீட்டுக்குச் சின்னதே ஒரு வருடத்துக்குக் காணும். மெல்லிய சிவப்புக் குழல் கூட இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அடித்தால் பாதி சுவருக்குத்தான். இதே வேலை செய்யும் வேறு பெயர்த் தெளிப்பான்களும் இருக்கின்றன, அவையும் பரவாயில்லை.

"நானா, கதவு கத்துகிறது, ஸ்பிறே ஒன்று தாருங்கள்" என்று கேட்டால் நல்ல கடைக்காரர், "தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறதா வீட்டில்?" என்று திருப்பிக் கேட்பார். இல்லையென்றால் அதிலும் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். ஒரு சிறு டப்பா கிறீஸ், ஒரு கம்பித் தூரிகை. பழைய துணியும் பழைய பல் தூரிகையும் வீட்டில் இருக்கும். கொழும்புக் கறளுக்கு இவ்வளவுதான் படைக்கலம்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று அம்மாமார் கேட்பார்கள். அன்றைக்குச் சத்தம் நிற்கும், உண்மைதான். பிறகு தூசி ஒட்டும், எறும்பு வரும், எண்ணெய் சிக்குப் பிடித்துப் பிசினாகும். கதவுக்கு வேண்டாம்.

பிணைச்சல்

முதலில் எந்தப் பிணைச்சல் கத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். கதவை மெதுவாக ஆட்டியபடி ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். கத்துகிறதில் விரல் அதிர்வை உணரும். பெரும்பாலும் மேலே உள்ளதுதான், கதவின் பாரத்தை இழுத்துப் பிடிப்பது அதுவே.

பிணைச்சலுக்குக் கீழே, நிலையோடு சேர்த்துத் துணியை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குழலை மூட்டுகளுக்கு இடையிலான கீற்றில் வைத்து ஒரு வினாடி அடியுங்கள். கதவைப் பத்துப் பதினைந்து தரம் முழுதாகத் திறந்து மூடுங்கள். இப்போது பிணைச்சலின் கீழ் மூட்டிலிருந்து கறுப்பாக ஒன்று கசிந்து வரும். முதலில் ஒரு கோடு, பிறகு செங்கபில நிறத்தில் ஒரு துளி, அதற்குள் மணல் போலச் சின்னத் துகள்கள். அரைபட்ட கறளும், முந்தைய வாடகைக்காரர் விட்ட எண்ணெயும், கடல் உப்பும் கலந்த கூழ் அது. கதவைக் கத்த வைத்ததும் அதுதான். துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். வருகிற திரவம் ஏறக்குறையத் தெளிவாகும்வரை இதைச் செய்ய வேண்டும். பலர் முதல் தரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கூழ் உள்ளேயே இருந்து திரும்ப இறுகுகிறது. துணி பிடிக்காமல் அடித்தால் அந்தக் கறுப்புக் கோடு வெள்ளை நிலையில் வழிந்து, வீட்டை விடும்போது முற்பணத்தில் கழிக்கிற அளவுக்குக் கறையாகும்.

பிறகு அரை மணி நேரம் கதவைச் சும்மா விடுங்கள், கரைப்பான் போகட்டும். அதன் பின் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி, மூட்டின் மேல் விளிம்பில். கதவை ஆட்டினால் உள்ளே இறங்கும். பாரமான முன்கதவு என்றால் இன்னும் நல்ல வழி உண்டு: பிணைச்சலின் ஊசியை அடியிலிருந்து ஆணியால் தட்டி மேலே எடுத்து, துடைத்து, மெல்லியதாகக் கிறீஸ் பூசித் திரும்ப இறக்குவது. ஒரு தரத்தில் ஓர் ஊசி மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் கதவு காலில் விழும்.

ஆமைப்பூட்டும் கதவுப் பூட்டும்

பூட்டுக்கு எண்ணெய் விடவே கூடாது என்பார் ஒருவர், தாராளமாக அடி என்பார் இன்னொருவர். வெளியில் கிடக்கும் ஆமைப்பூட்டையும் வீட்டுக்குள் இருக்கும் பூட்டையும் பிரித்துப் பார்த்தால் இந்தச் சண்டை தீர்ந்துவிடும்.

கேற்றில் தொங்கும் ஆமைப்பூட்டு உப்புக் காற்றில் நேரே நிற்கிறது. திறப்புத் துவாரத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழலை உள்ளே விட்டு அடியுங்கள், அழுக்கு வெளியே கழுவுப்பட்டு வரட்டும். திறப்பைப் போட்டு எடுத்துத் துடையுங்கள். அது சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சுற்றாத திறப்பைக் குறட்டால் பிடித்து முறுக்காதீர்கள், உள்ளே முறிந்தால் பூட்டை அறுப்பதைத் தவிர வழியில்லை. வளையம் உள்ளே போகும் இரண்டு குழிகளையும் மறந்துவிட வேண்டாம், பெரும்பாலும் இறுகுவது அங்கேதான். கடைசியில் குழிகளில் ஒவ்வொரு துளி எண்ணெய்.

வீட்டுக்குள் உள்ள அலுமாரிப் பூட்டு, அறைக்கதவுப் பூட்டு இவற்றுக்கு ஈரம் அவ்வளவு இல்லை, தூசிதான் எதிரி. எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து வைக்கும். இங்கே உலர்ந்த மசகு நல்லது, அது காரீயத் தூள் (கிராபைட்). மென்மையான பென்சில் ஒன்றை எடுத்துத் திறப்பின் பற்களில் கறுப்பாகத் தேய்த்து, பூட்டில் போட்டுப் பல தரம் சுற்றினாலே பலருக்குப் போதும். போகலவிலும் ககட்டகஹவிலும் நிலத்துக்கடியிலிருந்து வெட்டியெடுக்கும் இலங்கைக் காரீயம் அதன் தூய்மைக்கு உலகெங்கும் பெயர் பெற்றது. இந்த நாட்டில் இருந்துகொண்டு பூட்டுக்கு இறக்குமதி டப்பா தேடுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் தெளிப்பான் அடித்த ஈரத்தோடு காரீயத்தைச் சேர்த்துவிடாதீர்கள், இரண்டும் குழைந்து சேறாகும்.

இறுகிய நட்டு, யன்னல் கொளுக்கி

கம்பித் தூரிகையால் வெளிக் கறளைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, புரியும் நட்டும் சேரும் இடத்தில் அடியுங்கள். சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெதுவாகத் தட்டுங்கள். அதிர்வில் திரவம் உள்ளே இறங்கும். கால் மணி நேரம் கழித்து மறுபடி அடியுங்கள். மோசமாக இருந்தால் இரவு முழுக்க விடுங்கள். கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, பிறகு கழற்றும் பக்கம். கறளின் பிடி உடைவது அந்த முதல் அசைவில்தான். இதற்கும் அசையாவிட்டால் இறுகிய நட்டுக்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள், அது இதைவிட ஆழமாக வேலை செய்யும். தெளிப்பான் அடித்த இடத்தில் நெருப்புக் காட்டிச் சூடாக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

வாகனம்

களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் ஏறினால், அல்லது ஒரு பெருமழையில் ஒழுங்கையே வாய்க்காலானால், மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் பிளக் மூடியில் தண்ணீர் புகுந்து தீப்பொறி கசிந்துவிடுவதால். இதுதான் அந்தத் திரவத்தின் சொந்த வேலை. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைக் கழற்றி உள்ளும் வயரிலும் அடித்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காற்றாடவிட்ட பின்தான் எஞ்சினை இயக்க வேண்டும், ஆவி எரியக்கூடியது.

சங்கிலியைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாம். துடைத்த பிறகு சங்கிலிக்குரிய எண்ணெய் விடாமல் ஓடினால் சங்கிலி வெறும் இரும்பாகத் தேயும். பிரேக் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது. தட்டோ கட்டையோ இதைக் குடித்துவிட்டால், அடுத்த சிக்னலில் வண்டி நிற்காது. தலைக்கவசத்தின் கண்ணாடிக்கும் ஆகாது. அது பொலிகார்பனேற் என்ற பிளாஸ்டிக். கரைப்பான் பட்டால் மயிர்க்கோடாக வெடிக்கும்.

ஒட்டுத்தாள் விட்ட பசை, சுவரில் பிள்ளை கீறிய மெழுகுச் சாயம், பயணப் பெட்டியின் இறுகிய சிப் இவற்றுக்கும் கொஞ்சம் துணியில் எடுத்துத் துடைக்கலாம். புது எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஒட்டிய விலைச்சீட்டுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய்தான் சரி. கதவில் தோற்ற எண்ணெய்க்கு அங்கே வேலை கிடைக்கட்டும். தேங்காய் துருவலை, கத்தி, இடியப்ப உரல் என்று வாய்க்குள் போகிற உணவைத் தொடும் எதிலும் இந்த டப்பாவைக் கொண்டுபோக வேண்டாம்.

எங்கே அடிக்கக் கூடாது

மேசை மின்விசிறி கிறீச்சிட்டால் கை உடனே டப்பாவுக்குப் போகும். நிறுத்துங்கள். சாதாரண மேசை விசிறியின் தண்டு, எண்ணெய் ஊறிய வெண்கல வளையம் ஒன்றில் சுற்றுகிறது. தெளிப்பான் அந்த ஊறிய எண்ணெயைக் கரைத்து வெளியேற்றும். இரண்டு நாள் அமைதியாக ஓடும், பிறகு முன்பை விட மோசமாக இறுகி மோட்டார் சூடாகும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டில் தையல் மெஷின் எண்ணெய் சில துளி விடுவதே முறை.

சுவர்ச் சுவிட்சுக்குள்ளும் மின்சாரம் ஓடும் எதற்குள்ளும் அடிக்காதீர்கள். நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். எரிவாயு அடுப்பின் குமிழுக்கும் வேண்டாம். அடிக்கும் நேரத்தில் சாமி விளக்கும் நுளம்புச் சுருளும் எரியக் கூடாது, மாலை ஆறு மணிக்குப் பின் இந்த வேலையை எடுக்காமல் விடுவதே நல்லது. யன்னலைத் திறந்து வையுங்கள். டைல்ஸ் தரையில் சிந்தினால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பார்த்தால் தெரியாது, வழுக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் டப்பாவை விட வேண்டாம். 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது.

முழங்கால் வலிக்கு இதைத் தடவினால் நல்லது என்று உலகின் பல மூலைகளில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. செய்கிற கம்பனியே மறுத்துவிட்டது. சித்தாலேப வலித் தைலத்தின் வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள்.

எப்போது

தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கிச் செப்டெம்பர் வரை கடலைக் கரைக்குள் தள்ளும். சித்திரைப் புத்தாண்டுத் துப்புரவோடு கேற், யன்னல் கொளுக்கி, ஆமைப்பூட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் அந்த ஐந்து மாதமும் நிம்மதி. அடிக்கும் முன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு உள்ளேயே இருந்து தன் வேலையைத் தொடரும். கடல் பார்த்த பல்கனி என்றால் பருவக்காற்றின் நடுவிலும் ஒருமுறை செய்ய வேண்டிவரும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்துக்குள் கதவு திரும்பக் கத்தினால், பிணைச்சலின் ஊசி தேய்ந்துபோயிற்று. அதற்குமேல் டப்பாவுக்குச் செலவழிக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொல்லிப் புதியது போடுங்கள். அவர் விலையை நினைத்து இரும்புப் பிணைச்சல் போதும் என்றால், மிச்சத்தை நீங்கள் கொடுத்தாவது பித்தளை அல்லது துருப்பிடிக்கா உருக்கு கேளுங்கள். உருக்கிலும் 304, 316 என்று இரண்டு இலக்கம் பரவலாக இருக்கும். மொலிப்டினம் கலந்த 316தான் கடல் உப்பைத் தாங்கும். கடையில் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். திருகாணிகளும் அதே உருக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் கறள் பிடிப்பது அவைதான்.